தெரியாத போன்

— இல்லக்கா, அந்த பாஸ்வேர்டும் தப்புனுதான் வருது. வேற ஏதாவது எழுதியிருக்கா பாருங்க.

— வேற என்னம்மா இருக்கு? ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கறத அப்படியே வாசிச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுத்தான் வாசிச்சேன்.

— அது கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பறது. அப்புறமா யாரோ மாத்தியிருக்காங்க. இத முதல்ல யாரு மாட்டினது?

— வீட்டுல இருந்தவங்கதான்.

— அப்போ ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?

— அதெல்லாம் கேக்க முடியாது. வேற வழி இருந்தா பாரு.

— சரி, பாத்துக்கலாம். உங்க போன்ல வைஃபை வருதுல்ல? குடுங்க. போனுக்குள்ளயே அந்த பாஸ்வேர்ட் ஒளிஞ்சிருக்கும். நெட்டு வாங்கறதுக்கும் இந்த ரவுட்டர் பெட்டிக்குள்ள போய் மாத்தறதுக்கும் நம்ம ஆளுங்க பாதிப் பேரு ஒரே பாஸ்வேர்டத்தான் வைப்பாங்க.

— இந்தா.

— ம்... வந்துடுச்சு. எஸ், யு, என், டி, யு. சுண்டு. சுண்டு ஒண்ணு ரெண்டு மூணு. பாருங்க, பெட்டியும் திறந்துக்குச்சு! யாருக்கா சுண்டு?

— என் பொண்ணு.

— செல்லப் பேரா? நல்லாருக்கு. படிக்கறாங்களா, வேலைக்குப் போறாங்களா?

— இப்ப இல்லம்மா அவ.

— வெளியூரா?

— இல்லவே இல்ல.

— அய்யோ. தெரியாம கேட்டுட்டேன்க்கா. என் வாய் இருக்கே...

— உனக்கு எப்படித் தெரியும்? நீ வேலையப் பாரு. நாளைக்குக் காலையில நான் லேப்டாப்பத் தொறந்து உக்காந்தாகணும். பல் ஆஸ்பத்திரிக்கு யாரு எப்ப வரணும்னு வீட்டுலேர்ந்தே போட்டுத் தர்ற வேலை. நோயாளிங்க பேரு, நம்பரு எல்லாம் அதுல இருக்குமாம். வீட்டு வைஃபைய ஒழுங்கா பூட்டினாதான் ஆரம்பிக்கலாம்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க, அதான் உன்னக் கூப்பிட்டேன்.

— அவங்க சொன்னது நியாயம்தான். உங்க வீட்டுல பூட்டு இருக்கு, சாவியும் பூட்டுலயே தொங்குது. பாதுகாப்பு ரொம்பப் பழைய வகை, இப்ப யாரும் வைக்கறதில்ல. பாஸ்வேர்டோ வீட்டுப் பிள்ளை பேரு. பின்னாடி ஒரு பொத்தான் இருக்கு பாத்தீங்களா? வீட்டுக்கு வந்த விருந்தாளி யாராச்சும் அத ஒரு அமுக்கு அமுக்கினா, பாஸ்வேர்டே கேக்காம உள்ள விட்டுடும்.

— நல்லா இருக்கு கதை. அப்புறம் எதுக்கு பாஸ்வேர்டு?

— அதான! முதல்ல அத அணைக்கறேன். அப்புறம் பாதுகாப்பு வகைய மாத்தறேன். கடைசியா புது பாஸ்வேர்டு. சுண்டுங்கறது... அத மாத்தித்தான் ஆகணும்க்கா. பரவாயில்லயா?

— மாத்து. போனவ பேருல பூட்டு எதுக்கு.

— சரிக்கா. அதுக்கு முன்னாடி யார் யார் உள்ள இருக்காங்கனு ஒரு எட்டு பாத்துடறேன். உங்க போனு, ஆபீஸ் லேப்டாப்பு, டிவி, அப்புறம் இது என் லேப்டாப்பு. வீட்டுல வேற யாரு போன் இருக்கு?

— வேற யாரு? நான் ஒருத்திதான். பிள்ளைங்க சின்னதா இருக்கும்போதே அவங்கப்பா போயிட்டாரு.

— அப்போ இது யாருது? இன்னொரு போன் இருக்கே. இப்போ இந்த நிமிஷம் உள்ளதான் இருக்கு.

— பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும். அந்த வீட்டு அம்மாவுக்கு எதையும் காசு குடுத்து வாங்கினா உடம்புக்கு ஆகாது.

— பக்கத்து வீடுனா சிக்னல் இன்னும் நல்லா இருக்கணும்க்கா. இது ரொம்ப மெலிசா வருது, அந்து அந்து போகுது. வெளியிலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. பெட்டிய வேற ஜன்னலோரமா வச்சிருக்கீங்க, தெரு வரைக்கும் பாயுது. எதிர்ல என்ன இருக்கு?

— பஸ் ஸ்டாப்பு.

— சரியாப் போச்சு. அங்க நின்னுக்கிட்டு யாரோ ஓசியில படம் பாக்கறாங்க.

— இது என்னிக்குலேர்ந்து?

— அத முழுசா சொல்ல முடியாது. கொஞ்ச நாளைக்குத்தான் இந்தப் பெட்டி கணக்கு வச்சிருக்கும். ஆனா இருக்கற வரைக்கும் பாத்தா, சாயங்காலமானா தவறாம வருது. கொஞ்ச நேரம் இருக்கு, போயிடுது. ஞாயித்துக்கிழமை கூட விடல.

— ஞாயித்துக்கிழமை கூடவா? அப்போ பஸ்ஸுக்கு நிக்கறவன் இல்ல. வீட்ட நோட்டம் விடறவன். பொம்பள தனியா இருக்கானு தெரிஞ்சிருக்கு.

— பயப்படாதீங்க. ஜன்னல் வழியா பாக்கட்டுமா? ... நாலஞ்சு பேரு நிக்கறாங்க. மழை தூறுது, எல்லார் கையிலயும் போனு, எல்லாரும் குனிஞ்ச தலை. இதுல யாருனு எப்படிச் சொல்றது?

— தூக்கி வெளியில போடு அவன.

— இருங்கக்கா, ஒரு வேடிக்கை. இந்த ஆளு நெட்டே தொடல.

— அப்புறம் எதுக்கு உள்ள வந்தான்?

— அதான் புரியல. நெட்டு பக்கம் ஒண்ணும் போகல, வரல. ஆனா வேற எங்கேயிருந்தோ எடுத்துக்கிட்டே இருக்கான். வீட்டுக்குள்ள இருந்துதான். அந்தத் திரைச்சீலைக்குப் பின்னாடி என்ன இருக்கு? ரவுட்டர்லேர்ந்து ஒரு வயரு கீழ போகுதே.

— அந்தக் கறுப்பு டப்பாவா? அதுவும் ரவுட்டரோட சேர்ந்ததுதான? வாராவாரம் அதையும் சேத்துத்தான் தொடைக்கறேன்.

— இல்லக்கா, இது ஹார்ட் டிஸ்க்கு. படம், பாட்டு, வீடியோனு எல்லாம் போட்டு வைக்கறது. இந்தப் பெட்டியில மாட்டிட்டா, இந்த வீட்டு வைஃபைல இருக்கறவங்க யாரு வேணா போன்லயே திறந்து பாக்கலாம். வெளியிலேர்ந்து முடியாது. பஸ் ஸ்டாப் ஆளு இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்.

— என் வீட்டுக்குள்ள இருக்கற பொருளயா?

— என்ன இருக்குனு இருங்க, திறந்து பாக்கறேன். ரொம்ப பழசு, மெதுவாத்தான் திறக்குது...

— பாக்க என்ன இருக்கு? எவனோ கண்ட கருமத்தையும் இதுல போட்டு வச்சிருப்பான். நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா என் தலை உருளும். நகரு.

— அக்கா, புடுங்காதீங்க! அது சுத்திக்கிட்டு இருக்கு! அக்கா!

— புடுங்கியாச்சு. இப்ப எதப் பாப்பான்?

— அய்யோ... ஓடிக்கிட்டு இருக்கும்போது அப்படி இழுக்கக் கூடாதுக்கா. நிறுத்திட்டு எடுக்கணும்.

— நின்னு போச்சுல்ல? விடு. நீ பாஸ்வேர்ட மாத்து.

— என்ன வைக்கட்டும்?

— என்னத்தையோ வை. நீதான படிச்சிருக்க.

— யாரும் யோசிக்க முடியாததா இருக்கணும். பேரு வேண்டாம், பிறந்த நாள் வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத நாலு வார்த்தை சொல்லுங்க, சேத்து எழுதிடலாம்.

— எருமை. கத்தரிக்கோல். மேகம். செருப்பு.

— அடேங்கப்பா! இத உடைக்க ஒருத்தன் பொறந்து வரணும். ... போட்டாச்சு. பெட்டி ஒரு தடவை அணைஞ்சு எரியும். உங்க போன்லயும் லேப்டாப்லயும் புதுசா போட்டுத் தந்துடறேன். ... ம், இது ஏறிடுச்சு. இதுவும் ஆச்சு.

— அவன்?

— வெளிய விழுந்துட்டான். இதோ பாருங்க, திரும்ப வரப் பாக்கறான். பாஸ்வேர்ட் தப்பு. மறுபடியும். தப்பு. பழசையே போட்டுப் பாக்கறான் போல. பாவம், விட மாட்டேங்கறான்.

— என்ன பாவம்? முட்டிக்கட்டும்.

— அக்கா...

— என்ன?

— நீங்க புடுங்கறதுக்கு முன்னாடி நான் டிஸ்க்கத் திறந்தேன்ல? அந்தப் பக்கம் அப்படியே ஸ்கிரீன்ல நிக்குது. உள்ள இருந்ததோட பேரு மட்டும் தெரியுது. இது எவனோ வச்சது இல்லக்கா.

— பின்ன?

— நீங்களே வாசிங்க.

— கண்ணாடி... எங்க வச்சேன்... நீ வாசி.

— சுண்டு மொட்டை மாடி ஆட்டம். சுண்டு பல்லு புடுங்கின அன்னைக்கு. சுண்டு அண்ணனத் திட்டறது. சுண்டு அம்மா மாதிரி பேசறது. சுண்டு அம்மா மாதிரி பேசறது, ரெண்டாவது. சுண்டு தூக்கத்துல... இப்படியே கீழ வரைக்கும் போகுதுக்கா. எல்லாம் வீடியோ.

— என் மாதிரியா?

— ஆமா. அம்மா மாதிரி பேசறதுனு போட்டிருக்கு.

— எனக்குத் தெரியாதே. எனக்கு யாரும் காட்டவே இல்லயே. அவ குரலு... என் போன்ல அவ போட்டோதாம்மா இருக்கு. பேசற மாதிரி ஒண்ணு கூட இல்ல. இருந்ததெல்லாம் அவ போனோட அன்னைக்கே நொறுங்கிப் போச்சு. மாட்டு. திரும்ப மாட்டு அத.

— மாட்டறேன், பதறாதீங்க. ... இருங்க.

— வருதா?

— லைட்டு எரியுது.

— அப்ப வந்துடும்.

— இருங்க, வயர இன்னும் நல்லா சொருகறேன்.

— என்னம்மா சத்தம் அது?

— டிக்கு டிக்குனு வருதுல்ல? அது நல்ல சத்தம் இல்லக்கா. சுத்தப் பாக்குது, சுத்த வரல.

— இன்னொரு தடவை மாட்டு.

— மாட்டிட்டேன். என் லேப்டாப்லயும் மாட்டிப் பாத்துட்டேன். இந்த மாதிரி டிஸ்க்கு வருஷக்கணக்கா நிக்காம சுத்திக்கிட்டு இருந்தா, நிறுத்தாத வரைக்கும் ஓடும். ஒரு தடவை நின்னுடுச்சுனா மறுபடி எழும்பாம போயிடறது உண்டு. இத பிரிச்சு எடுக்கறதுக்குனே ஆளுங்க இருக்காங்க. குடுத்துப் பாக்கலாம். ஆனா வந்துடும்னு நான் வாய் கூசாம சொல்ல முடியாது.

— நான் புடுங்கினதாலயா?

— பழசுக்கா. என்னிக்காவது ஒரு நாள்...

— மழுப்பாத. நான் புடுங்கினதாலயா?

— ... ஆமாக்கா.

— உக்காரு. நீயும் உக்காரு. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— தண்ணி கொண்டு வரட்டுமா?

— வேண்டாம். பக்கத்துலயே இருந்திருக்கா. இந்தத் திரைக்குப் பின்னாடியே. நான் தூசி தட்டிட்டுப் போயிருக்கேன்.

— அக்கா, ஒண்ணு கேக்கலாமா? இந்த டிஸ்க்கு இங்க இருக்கறது வேற யாருக்குத் தெரியும்? உங்களுக்கே தெரியல. தெருவுல போறவனுக்கு எப்படித் தெரியும்? பழைய பாஸ்வேர்டும் அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுவும் இப்ப திருடினது மாதிரி தெரியல. ரொம்ப நாளா போன்லயே இருந்த மாதிரி, கிட்ட வந்தா தானா ஏறிக்குது.

— இப்பதான் ஞாபகம் வருது, அவன்தான் இந்த டப்பாவ வாங்கிக் குடுத்தான். அவ பிறந்த நாளுக்கு. என்னடா இதுனு கேட்டேன். உனக்குப் புரியாதும்மானு ரெண்டும் சேந்து சிரிச்சுதுங்க.

— யாருக்கா?

— பெரியவன். என் மகன்.

— மகன் இருக்காரா? நீங்க தனியாத்தான்னு...

— தனியாத்தான் இருக்கேன். நான்தான் போகச் சொன்னேன். ... அன்னைக்கும் இப்படித்தான் மழை. கிளாஸ் முடிஞ்சு நிக்கறேன், வந்து கூட்டிட்டுப் போனு சொல்ல அவ அண்ணனுக்குப் போன் பண்ணியிருக்கா. இவன் காதுல அந்த ஹெட்போனப் போட்டுக்கிட்டு கேம் விளையாடறான். அடிக்குது, கட் பண்றான். மறுபடி அடிக்குது, கட் பண்றான். இருடி, இந்த ஆட்டம் முடியட்டும்னு நெனச்சானாம். அவ யாரோ கூடப் படிக்கற பொண்ணு ஸ்கூட்டர்ல ஏறிட்டா. ஈர ரோடு. லாரி.

— அய்யோ.

— அந்தப் பொண்ணு பிழைச்சுது. அதுக்கு நான் சந்தோஷப்படணும்ல? பட முடியலயே.

— அவரு வேணும்னு செய்யலயேக்கா. தங்கச்சி போன கட் பண்ணாத அண்ணன் எங்க இருக்கான்? நானும் என் தம்பி போன எத்தன தடவை...

— தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா அப்போ ஆஸ்பத்திரி வராண்டாவுல, அவ துணிய ஒரு பையில போட்டுக் கையில குடுக்கறாங்க, இவன் முன்னாடி வந்து நிக்கறான். அவளுக்குப் பதிலா நீ போயிருக்கக் கூடாதாடானு கேட்டுட்டேன். எந்தத் தாயா இருந்தாலும் அந்த நேரத்துல அப்படித்தான் கேட்டிருப்பா. கேக்க மாட்டாளா?

— எனக்குத் தெரியலக்கா.

— அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. காரியமெல்லாம் முடிஞ்சதும் பைய எடுத்துக்கிட்டுக் கிளம்பினான். என் கண்ணு முன்னாடி வராதேனு அதுக்கும் சேத்து ஒண்ணு சொல்லி அனுப்பினேன். சொன்ன சொல்ல அப்படியே காப்பாத்திட்டான் பாரு. கண்ணு முன்னாடி வரவே இல்ல.

— எதிர்ல பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் வந்திருக்காரு.

— இன்னும் முட்டிக்கிட்டு இருக்கானா? பாரு.

— இல்லக்கா. கொஞ்ச நேரமா ஒண்ணும் வரல. நிறுத்திட்டாரு.

— ஜன்னல்ல பாரு. எனக்குக் கண்ணு தெரியல. ஒல்லியா இருப்பான். ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

— பஸ்ஸு இப்பதான் கிளம்பிப் போகுதுக்கா. ஸ்டாப்புல யாருமே இல்ல.

— பாஸ்வேர்ட் தப்புனு அவன் போன்ல காட்டியிருக்குமா?

— காட்டியிருக்கும்.

— நான் கண்டுபிடிச்சு அடிச்சு வெரட்டினதாத்தான நெனப்பான்?

— ... போன் பண்ணிடுங்களேன். நம்பர் இருக்கா?

— இருக்கு. ஆனா அவன் கூப்பிட்டா எனக்கு வராது. அன்னைக்கே அவன் நம்பர பிளாக் பண்ணி மூடி வச்சேன். இப்ப எப்படித் திறக்கறதுனு தெரியல. மூட மட்டும்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

— குடுங்க இப்படி. ... பெரியவன்னு இருக்கே, இதுவா? பிளாக்க எடுத்தாச்சு. இனிமே அவரு கூப்பிட்டாலும் வரும். நீங்களே பேசுங்க, நான் வெளியில நிக்கறேன்.

— போகாத. இங்கயே இரு. நீயே போட்டு, ஸ்பீக்கர்ல சத்தமா வை.

— ரிங் போகுதுக்கா.

— எடுக்க மாட்டான். நானா இருந்தா எடுக்க மாட்டேன்.

— எடுத்துட்டாருக்கா, பேசுங்க.

— அம்மா? நீதானா? உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?

— இல்லடா. நல்லாத்தான் இருக்கேன். பஸ்ஸுலயா இருக்க?

— ஆமா. ... அம்மா, உன் நெட்ட நான் தொடவே இல்லம்மா. சத்தியமா. பாஸ்வேர்ட் மாத்தினதப் பாத்ததுமே புரிஞ்சுடுச்சு. இனிமே அந்தப் பக்கம் வர மாட்டேன்.

— உனக்கு ஒண்ணும் புரியல. வேலைக்குச் சேந்திருக்கேன்டா. ஆபீஸ்ல மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன். நீனு எனக்குத் தெரியாது. யாரோ திருடன்னு நெனச்சேன்.

— சரிம்மா. பரவாயில்ல.

— பரவாயில்லனு சொல்லாதடா. பரவாயில்லனு மட்டும் சொல்லாத. ... அந்தக் கறுப்பு டப்பா இருக்குல்ல?

— ம்.

— அது போச்சுடா. என்னனு தெரியாம நான் வயரப் புடுங்கிட்டேன். இப்ப எழும்ப மாட்டேங்குது. டேய், இருக்கியா?

— இருக்கேன். எல்லாமே போச்சா?

— இங்க ஒரு பொண்ணு வந்திருக்கு, அதுதான் வைஃபை பாத்துது. பிரிச்சுப் பாக்கலாம், வந்தாலும் வரலாங்குது. அது கிடக்கட்டும். நீ வச்சிருப்பல்ல? தெனமும் அங்க நின்னு பாத்திருக்க. உன் போன்ல எடுத்து வச்சிருப்ப. அதுல, என்ன மாதிரி அவ பேசறது ஒண்ணு இருக்காம். எனக்கு அது ஒண்ணு மட்டும் போதும். அனுப்ப வேண்டாம், நீயே எடுத்துக்கிட்டு வா. அடுத்த ஸ்டாப்புல இறங்கி வாடா.

— இல்லம்மா.

— என்ன இல்ல? வர மாட்டியா?

— என்கிட்ட இல்லம்மா. ஒண்ணு கூட நான் எடுத்து வைக்கல.

— ஏன்டா? இத்தன நாளா மழையிலயும் வெயில்லயும் நின்னு பாத்தவன், ஒரு நாள் மொத்தமா எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே?

— எடுத்துக்கிட்டுப் போயிருந்தா, அப்புறம் உன் வீட்டுப் பக்கம் வர்றதுக்கு எனக்கு என்னம்மா காரணம் இருந்திருக்கும்?